லார்ச்ஃபீல்ட் துப்பாக்கியின் கடைசிப் பொத்தான்

லார்ச்ஃபீல்ட், ஒஹாயோ
செப்டம்பர், தொழிலாளர் தினத்துக்கு மறுநாள்

அன்புள்ள மச்சான் டெல்மருக்கு,

உன் அக்கா புருஷன் ஆர்வில் எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம், உன் அக்கா நடீன் நலம், வீட்டுக்கு அடியில் இருக்கும் என் கீழறையும் அதிலுள்ள துப்பாக்கிகளும் பரம நலம். அங்கே இண்டியானாவில் நீயும் உன் பெண்டாட்டி வெல்டாவும் உன் முதுகும் நலமாக இருக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தனியாகக் கேட்டுக்கொண்டேன். முதுகைச் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. துப்பாக்கிக் கண்காட்சிக்கு வர முடியாது, முதுகு பிடித்துக்கொண்டது என்று போனில் சொன்னாய் அல்லவா? அப்போது ஐயோ பாவம் என்று நினைத்தேன். இப்போது வேறு மாதிரி நினைக்கிறேன். அது இருக்கட்டும், முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், அடக்க முடியவில்லை: ஜெயித்துவிட்டேனடா! முதல் பரிசு நீல ரிப்பன் எனக்கு! கீழறை எனக்கு! இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே, நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து படி, முதுகுக்கும் நல்லது.

நடந்ததை ஆதியிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் சொல்வேன், ஜெயித்தவன் சொல்லும்போது கேட்டுத்தான் ஆக வேண்டும். எங்கள் ஊர் ஹார்ட்செல் தையல் மெஷின் ஆலை, போர் வந்ததும் தையல் மெஷினை ஓரம் கட்டிவிட்டு ராணுவத்துக்குக் கார்பைன் துப்பாக்கி செய்ய ஆரம்பித்தது. உதிரிப் பாகம் ஒவ்வொன்றிலும் வட்டத்துக்குள் ஒரு ‘ஹெச்’ எழுத்தைக் குத்தித்தான் வெளியே அனுப்பினார்கள். போர் முடிந்தது. பல ஆலைகளில் பிறந்த துப்பாக்கிகளை எல்லாம் ராணுவக் கிடங்கில் பிரித்துப் போட்டு, குழலெல்லாம் ஒரு தொட்டி, விசையெல்லாம் ஒரு தொட்டி என்று கொட்டி, கைக்கு வந்ததை எடுத்து மாட்டித் திரும்ப அடுக்கி வைத்துவிட்டார்கள். அவர்களுக்கென்ன, சுட்டால் சரி. நம்மைப் போன்றவர்களுக்கு அல்லவா தலைவலி! நான் வாங்கியபோது என் துப்பாக்கியில் லார்ச்ஃபீல்ட் என்று சொல்லிக்கொள்ள உடம்பு மட்டும்தான் இருந்தது. குழல் கார் உதிரி செய்த ஒரு கம்பெனியுடையது, விசை ஒரு டைப்ரைட்டர் கம்பெனியுடையது, தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டி பொத்தான், காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் செய்த ஒரு கம்பெனியுடையது. நீ அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, நன்றி தெரிவிக்கும் நாளன்று, வான்கோழியை வாயில் வைத்துக்கொண்டு, “அத்தான், இது துப்பாக்கி இல்ல, கதம்பம்” என்று சொன்னாய். வெல்டா சிரித்தாள். உன் நாய்கூட என்னை ஒரு மாதிரி பார்த்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு உதிரியாகத் தேடித் தேடி மாற்றினேன். குழல் வந்தது, விசை வந்தது, போல்ட் வந்தது, மரக்கட்டை வந்தது. கடைசியில் ஒன்றே ஒன்றுதான் வரவில்லை, சுண்டுவிரல் நகத்தளவு சேஃப்டி பொத்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் கிரீஸ் விவகாரம் வெடித்தது. அது என் தப்பு இல்லை என்று இப்போதும் சொல்வேன். புதிதாக வந்த மரக்கட்டையில் அரை நூற்றாண்டுக் கிரீஸ் ஊறியிருந்தது. அதை நாமெல்லாம் எப்படி எடுக்கிறோம்? கறுப்புக் குப்பைப் பையில் சுற்றி, ஜூலை வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறோம், சூட்டில் கிரீஸ் உருகிப் பைக்குள் வடிகிறது. நீ செய்யாததா? அதையேதான் நானும் செய்தேன், பின் சீட்டில் வைத்தேன், பைக்குள் கட்டை நன்றாக வேர்த்து வடிந்ததும் எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டேன். பையில் ஓட்டை இருக்கும் என்று எவன் கண்டான்? உன் அக்கா காரை எடுத்துக்கொண்டு போய்ப் பாதிரியாரின் மனைவி திருமதி ஆஸ்ட்ராண்டரை ஏற்றிக்கொண்டு துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கிற தேவாலயத்து ஒட்டுப்போர்வைக் குழுவின் கோடை விருந்துக்குப் போயிருக்கிறாள். அந்த அம்மாள் அன்றைக்குப் பார்த்துப் பால் நிற கவுன் போட்டிருக்கிறாள். கௌரவத்துக்காகப் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். நான் கீழறையில் கட்டையைத் துடைத்துக்கொண்டு, ‘ஹெச்’ எழுத்து பளிச்சென்று தெரிகிற சந்தோஷத்தில் விசில் அடித்துக்கொண்டிருக்கிறேன். கீழறைப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, விசிலை நிறுத்திவிட்டேன்.

“ஆர்வில், அந்தப் பொம்பளை எந்திரிச்சப்போ சீட்டும் கூடவே வரும்னு நெனச்சேன்” என்றாள் உன் அக்கா.

“ஓரத்துல கொஞ்சம் பட்டிருக்கும், பெட்ரோல் போட்டுத் துடைச்சா...”

“பாதிரியார் பொண்டாட்டியப் பெட்ரோல் போட்டுத் துடைக்கச் சொல்றியா?”

அவளுக்குப் பின்னால், நடீனின் தோட்டத்து பேன்ட்டைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு, திருமதி ஆஸ்ட்ராண்டரே படியில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் போர்வைக் குழு மொத்தமும் நின்றது. அவர்கள் என்னைப் பார்க்கவில்லை டெல்மர், கீழறையைப் பார்த்தார்கள். சுவரிலிருந்து சுவர்வரை கண்ணாலேயே அளந்தார்கள். அவர்கள் பன்னிரண்டடி நீளத்தில் ஒரு போர்வை தைக்கும் மெஷின் வாங்கி வைத்துக்கொண்டு, வைக்க இடம் இல்லாமல் அலைகிறார்களாம். உன் அக்கா அத்தனை பேர் முன்னாலும் தீர்ப்புச் சொன்னாள்: “தொழிலாளர் தினக் கண்காட்சியில உன் துப்பாக்கி தலையிலேர்ந்து கால் வரைக்கும் லார்ச்ஃபீல்டுதான்னு நடுவர் வாயால வந்துச்சுன்னா, இந்த எடம் உன்னோடது, சாகற வரைக்கும் நான் வாயத் தெறக்க மாட்டேன். இல்லேன்னா மொத்தத்தையும் வித்துப்புட்டு மெஷினை இங்க எறக்கிருவோம். கையக் குடு.” கிரீஸ் கையோடு கொடுத்தேன். வேறென்ன செய்வது? என் கீழறை, டெல்மர்! வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு அதை விட்டால் போக்கிடம் ஏது? இரவு முழுக்கத் தூக்கம் இல்லை.

ஆகஸ்ட் மாதம் முழுவதும் பொத்தானைத் தேடி அலைந்தேன். பக்கத்து மாவட்டத்தில் ஒரு விதவையிடம் அசல் லார்ச்ஃபீல்ட் துப்பாக்கி இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். நம் ஆட்களின் வழக்கப்படி வந்த வேலையை வாய் திறந்து சொல்லாமல், வானிலை பேசினேன், அவளுடைய தக்காளிச் செடிகளைப் புகழ்ந்தேன். அவள் கூரைத் தண்ணீர்க் குழாய் இலை அடைத்துக் கிடக்கிறது என்றாள். ஏறி அதைச் சுத்தம் செய்தேன். பின்பக்கக் குழாயும் அப்படித்தான் என்றாள். அதையும் செய்தேன். பிறகு பீச் பழம் வைத்துச் சுட்ட பை ஒரு துண்டு கொடுத்துவிட்டு, “அவர் துப்பாக்கியா? இதோ இங்கதான் இருக்கு” என்று ஒரு கயிற்றை இழுத்தாள். விளக்கு எரிந்தது! அந்த மகராசன் செத்துப்போவதற்கு முன்னால் துப்பாக்கியைச் செங்குத்தாக நிறுத்தி, தலையில் பல்பையும் குடையையும் மாட்டி விளக்காக்கிவிட்டிருக்கிறான். பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் துளை போட்டு வயரை விட்டிருக்கிறான். அவள் கடைசியாக, “உங்களுக்கும் ஒண்ணு செஞ்சு தரச் சொல்லலாம்னா அவர் இல்லையே” என்று வருத்தப்பட்டாள்.

வேறு வழியில்லாமல் மானத்தை விட்டு உனக்குப் போன் செய்தேன். போன வருஷம் நீல ரிப்பன் வாங்கிய உன் லார்ச்ஃபீல்ட் துப்பாக்கியின் பொத்தானை ஒரு வாரத்துக்குக் கடனாகக் கொடு, கண்காட்சி முடிந்ததும் திருப்பித் தந்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன். நீ என்ன சொன்னாய்? “அத்தான், ஒரு கிட்னி வேணும்னா கேளுங்க, யோசிக்காம தரேன். பொத்தானைக் கேக்காதீங்க.” நெஞ்சில் ஈரமில்லாதவனே, அன்றைக்கு நான் போனை வைத்துவிட்டுக் கீழறையில் ஒவ்வொரு துப்பாக்கியாகத் தடவிக்கொடுத்தேன். விற்கப் போகிறவன் தடவுகிற மாதிரியே இருந்தது. கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை.

கண்காட்சி நாள் வந்தது. தொழிலாளர் தினத்துக்கு முந்தின சனிக்கிழமை காலை மாவட்டத் திடலில் கூட்டமான கூட்டம். கொட்டகை கொட்டகையாக மேஜைகள், பாப்கார்ன் வாசனை, தீயணைப்புக்காரர்களின் பன்றி இறைச்சி சாண்ட்விச் கடையில் வரிசை. வழக்கமாகக் காரில் உட்கார்ந்து புத்தகம் படிப்பவள் உன் அக்கா. அன்றைக்கு நானும் வருகிறேன் என்று கூடவே கிளம்பிவிட்டாள். என் தோல்வியைக் கிட்டத்திலிருந்து பார்க்க ஆசை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மதியம் நடுவர் பார்ப்பதற்குள் பொத்தான் கிடைத்தாக வேண்டும். மேஜை மேஜையாக ஓடுகிறேன். அவள் பின்னாலிருந்து கால் வலிக்கிறது, கால் வலிக்கிறது என்று ஒரே பாட்டு. கென்டக்கிக்காரன் ஒருவன், ரஸ் என்று பெயர், பழைய இரும்பும் துருப்பிடித்த கத்தியும் விற்கிறவன், அவனுடைய மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“ஆர்வில், இந்தக் காபி டப்பாவுல என்னமோ குட்டி குட்டியா கெடக்கு பாரு.”

“அது குப்பை. எந்திரி.”

“பாத்துட்டுத்தான் சொல்லேன்.”

“நடீன், இருபது வருஷமா இதுல இருக்கேன். குப்பைய நான் தூரத்துலேர்ந்தே கண்டுபிடிப்பேன்.”

அதற்குப் பேசாமல் இருந்தாளா? எழுந்திருக்கிற சாக்கில் முழங்கையால் டப்பாவை ஒரு இடி இடித்துத் தரையெல்லாம் கொட்டிவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ரஸ்ஸிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மண்டியிட்டுப் பொறுக்குகிறேன். அப்போதுதான் என் கண் வேலை செய்தது! திருகாணிக்கும் ஆணிக்கும் நடுவில், வேறு எவன் கண்ணிலும் பட்டிருக்காது, ஒரு சின்னப் பொத்தான் கிடந்தது. புரட்டிப் பார்த்தேன். வட்டத்துக்குள் ‘ஹெச்’. டெல்மர், அங்கேயே எழுந்து குதிக்கத் தோன்றியது. ஆனாலும் முகத்தில் காட்டினேனா? நம் தொழில் ரகசியமே அதுதானே, வேண்டியதைப் பார்த்துவிட்டால் கொட்டாவி விட வேண்டும். கொட்டாவி விட்டேன். துருப்பிடித்த கத்தியைக் காட்டி ஏதோ கேட்டேன். பிறகு போகிற போக்கில், “இந்தத் தகர டப்பா நல்லாருக்கு, ஆணி போட்டு வெக்கலாம்” என்றேன். அந்த அப்பாவி, “டப்பாவோட எடுத்துக்கங்க சார், தொல்லை விட்டுச்சு” என்று சொற்பக் காசுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான். தன் மேஜையில் என்ன இருக்கிறது என்றே தெரியாத ஜென்மம்! வெளியே வந்ததும் உன் அக்காவை அத்தனை பேர் நடுவில் தூக்கிச் சுற்றினேன். “பாத்தியா என் கண்ண?” என்றேன். “பாத்தேன் பாத்தேன், எறக்கி விடு” என்றாள்.

அப்புறம் மாட்ட வேண்டும் அல்லவா? காரின் முன் சீட்டில் உட்கார்ந்து, அவளுடைய மடியில் துண்டை விரித்து, பழைய பொத்தானைக் கழற்றுகிறேன். உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்குமே, உளுந்தளவு ஊசியோடு, அது “விர்ர்” என்று பறந்துபோய்விட்டது. சீட்டுக்கு அடியில் பார்த்தேன், காருக்கு அடியில் பார்த்தேன், பக்கத்துக் காருக்கு அடியில் படுத்திருந்தபோது அதன் சொந்தக்காரர் வந்து போலீஸைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். நேரமோ போய்க்கொண்டிருக்கிறது. உன் அக்கா எதைப் பற்றியும் கவலைப்படாமல் முட்டைக்கோஸ் சாலட் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று ‘கடக்’ என்று ஒரு சத்தம். “ஆர்வில், உன் ஸ்பிரிங்கு என் கடவாய்ப் பல்லுல இருக்கு” என்றாள். அந்தப் பல்லுக்கு ஒரு முத்தம் கொடுக்கலாம் என்று தோன்றியது. அவள் தன் கொண்டை ஊசியாலேயே ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்க, நான் பொத்தானைத் தள்ள, ‘டக்’ என்று உட்கார்ந்தது.

நடுவர் ஹாலிஸ் பிரம்லியைப் பற்றி உனக்கே தெரியும். பல் டாக்டர் கண்ணாடியும் குட்டி டார்ச்சும் வைத்துக்கொண்டு, சொந்தத் தம்பி துப்பாக்கியையே போலி என்று தள்ளினவர். என் துப்பாக்கியைக் கடைசித் திருகாணிவரை பிரித்து வெள்ளைத் துணியில் பரப்பினார். ஒவ்வொன்றாக எடுப்பார், கண்ணாடியை வைப்பார், “ம்” என்பார். கூட்டம் சுற்றி நிற்கிறது. போர்வைக் குழுவும் திருமதி ஆஸ்ட்ராண்டர் தலைமையில் வந்து நிற்கிறது, கையில் அளவு நாடாவோடு! குழல், “ம்.” விசை, “ம்.” கடைசியில் பொத்தானை எடுத்தார். ‘ம்’ வரவில்லை. கண்ணாடியைத் துடைத்தார். திரும்பப் பார்த்தார். உன் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள், நகம் பதிகிற அளவுக்குப் பிடித்தாள்.

“மிஸ்டர் ஸ்டாட்லர், இந்தப் பொத்தானை எங்க புடிச்சீங்க?” என்றார்.

“என் கண்ணு புடிச்சுது சார்.”

“அப்ப அந்தக் கண்ணைப் பத்திரமா வெச்சுக்கங்க. நான் இத்தனை வருஷத்துல பாத்த லார்ச்ஃபீல்டுலயே இதுதான் சுத்தம். எல்லாம் ஒரே வயித்துல பொறந்ததுங்க” என்றார். திடலே கை தட்டியது. திருமதி ஆஸ்ட்ராண்டர் அளவு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தாள். அந்தக் காட்சி ஒன்று போதும் எனக்கு. நீல ரிப்பனைக் காரின் கண்ணாடியில் தொங்கவிட்டு, ஹார்ட்செல் ஆலை இருந்த இடத்தை, இப்போது வாடகைக் கிடங்காகக் கிடக்கிறதே, அதைச் சுற்றி ஹாரன் அடித்துக்கொண்டே வலம் வந்தேன். ஹார்ட்செல் மகாராசர்களே, ஐம்பது வருஷத்துக்குப் பிறகு உங்கள் பிள்ளையை ஒரு குறையும் இல்லாமல் ஊருக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன். கிடங்குக் காவலாளி வெளியே வந்து கையசைத்தான்.

இப்போது உன் முதுகுக்கு வருகிறேன். மச்சான், உண்மையைச் சொல், முதுகு வலியா, வயிற்றெரிச்சலா? நான் ஜெயித்துவிடுவேன் என்று பயந்துதானே துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வராமல் வீட்டில் பதுங்கினாய்? பொத்தானைத் தர மாட்டேன் என்றாயே, உன் பொத்தான் யாருக்கு வேண்டும்? உழைப்பும் கண்ணும் உள்ளவனுக்குக் குப்பை டப்பாவிலும் கிடைக்கும். கதம்பம் என்றாயே, எங்கே, இப்போது சொல் பார்ப்போம்! போகட்டும், பெரிய மனசு பண்ணி உன்னை மன்னித்தேன். நன்றி தெரிவிக்கும் நாளன்று வா, நீ வான்கோழியை மெல்லும்போது உன் கண்ணுக்கு நேரே ரிப்பனை மாட்டி வைக்கிறேன்.

வெல்டாவுக்கு என் அன்பு. உன் நாய்க்கும் சொல். கர்த்தர் உன் முதுகையும் உன் மனசையும் நேராக்கிக் காப்பாராக.

இப்படிக்கு,
முழு லார்ச்ஃபீல்டின் ஒரே சொந்தக்காரன்,
உன் அத்தான்,
ஆர்வில் ஸ்டாட்லர்

பின்குறிப்பு: தபால் தலை எடுக்க மேலே போனேன். உன் அக்கா கடிதத்தை வாங்கிச் சமையலறை மேஜையில் வைத்துப் படித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ரஸ் அப்பாவி என்கிற இடத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். உன் முதுகு வரும் இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

“இத அனுப்பாத ஆர்வில். பாவம், அவன் புள்ளைய மாதிரி வெச்சிருந்த பொத்தானு அது” என்றாள்.

எல்லாம் வெளியே வந்தது. நீ என்னிடம் முடியாது என்று சொன்ன மறுநாளே உனக்குப் போன் செய்து, “டேய், கழட்டி அனுப்புடா” என்று சொன்னாளாம். நீ மறுபேச்சு இல்லாமல் கழற்றி அனுப்பினாயாம். துப்பாக்கியில் பொத்தான் இல்லாமல் கண்காட்சிக்கு எப்படி வருவாய்? ரஸ் அவள் சொல்லி வைத்த ஆளாம். பொத்தானை அவளே டப்பாவில் போட்டாளாம். நான் அந்த மேஜையை மூன்று தடவை பார்க்காமல் தாண்டிப் போனேனாம், அதனால்தான் அவளுக்குக் கால் வலி வந்ததாம்.

“அப்புறம் எதுக்கு அத்தனை பேர் முன்னால பந்தயம் கட்டின?” என்றேன்.

“கோவத்துல வாய் தவறி வந்துருச்சு. அவளுங்க புடிச்சுக்கிட்டாளுங்க. அந்த மெஷினு கீழ எறங்கினா நீ எங்க போவ? மேலதான் வருவ. ரிட்டயர் ஆன மொத வாரம் மறந்துட்டியா? என் அலமாரியில இருந்த சூப் டப்பாவையெல்லாம் எந்த ஆலையில செஞ்சது, எந்த மாசம் செஞ்சதுன்னு பிரிச்சு அடுக்கி வெச்சே. தக்காளி சூப்பைக் கண்டுபிடிக்க எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. நீ கீழ இருந்தாத்தான் ஆர்வில் நான் மேல இருக்க முடியும்.”

பொத்தானைக் கழற்றி இந்தக் கவரில் வைத்து அனுப்பப் பார்த்தேன். கையைத் தட்டிவிட்டாள். உன்னைப் பற்றி எழுதியதை அடிக்கப் பார்த்தேன். “நீ எழுதினது நீயே அனுபவி” என்று இப்போது அப்படியே அனுப்பச் சொல்கிறாள். ஆகவே மன்னித்துக்கொள் மச்சான், கண் கலங்கியது என்று எழுதியதை மட்டும் நம்பு. தாராளமாகச் சிரி. சிரித்து முடித்தபிறகு ஒன்றை மட்டும் யோசித்துப் பார். போன வருஷம் உன் துப்பாக்கிக்குக் கடைசியாகக் கிடைத்த, குழலைக் கட்டையோடு பிடிக்கும் அந்த முன் வளையம், டெய்ட்டனில் ஏதோ பழைய சாமான் கடையில் உன் கண்ணில் பட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாயே. அந்தக் கடைக்குள் போகலாம் என்று முதலில் சொன்னது நீயா, வெல்டாவா?